ஓர் ஆண்டில் முப்பது நன்னீர் மீன் இனங்கள்: கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் தூண்டிலால் இயலுமா?

பதிவு 1 | கெடிலக்கரை, திருப்பாதிரிப்புலியூர் | நவம்பர் 2

அனைவருக்கும் வணக்கம். பத்து வயதில் மூங்கில் கழியும் மயிலிறகுத் தண்டில் செய்த மிதவையுமாகக் கெடிலத்தங்கரையில் உட்காரத் தொடங்கியவன் நான். முப்பது ஆண்டுகளாக என் கவனமெல்லாம் விரால் மீதுதான் இருந்தது. வேறு எது மாட்டினாலும் இரையைக் கெடுக்க வந்த தொல்லை என்று கழற்றி எறிந்துவிட்டு அடுத்த புழுவைக் கோத்திருக்கிறேன். சென்ற ஆண்டு என் மகள் இதுவரை எத்தனை வகை மீன்களைப் பிடித்திருக்கிறேன் என்று கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. அன்று வாங்கிய குறிப்பேட்டில் இப்போது பதினேழு பெயர்கள் இருக்கின்றன.

விரால், குறவை, கெளுத்தி, வாளை, சொட்டைவாளை, உளுவை, ஆரால், பனையேறி, சிலேபி, கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பன்னிரண்டுடன், குள்ளக்கெண்டை, புள்ளிக்கெண்டை, பொடிக்கெண்டை, பஞ்சலைக் கெண்டை, சேல்கெண்டை என்று கெண்டையில் மட்டும் ஐந்து. வரும் ஐப்பசிக்குள் இதை முப்பதாக்க வேண்டும் என்பது என் ஆசை. எனக்கு நானே விதித்துக்கொண்ட விதிகள் எளியவை: வலையும் பறியும் கூடாது, தூண்டில் மட்டும்தான், முள் வாய்க்குள் மாட்டியிருக்க வேண்டும், வயிற்றிலோ வாலிலோ கொளுவி வந்த மீன் கணக்கில் சேராது, அளவுகோலுடன் படம் எடுத்துவிட்டு மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும்.

எங்கே போனால் புதிய இனங்கள் கிடைக்கும் என்பது முதல் கேள்வி. என் ஐந்து கெண்டைகளும் உண்மையிலேயே ஐந்துதானா என்பது இரண்டாவது. கழிமுகத்துக்கு அருகில் கிடைக்கும் கொடுவாவையும் மடவையையும் நன்னீர்க் கணக்கில் சேர்க்கலாமா என்பது மூன்றாவது. படங்களை இணைத்திருக்கிறேன்.

பதிவு 2 | பழைய பங்காரு, பாகூர் | நவம்பர் 3

தம்பி, நல்ல காலத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் புதுவெள்ளம் வரும்போது ஏரியைவிட ஏரிக்கு வரும் வாய்க்காலும், ஏரியிலிருந்து வயலுக்குப் போகும் கன்னி என்னும் சிறு கால்வாயும்தான் வகைக்கு உகந்தவை. ஏரியின் நடுவே பெரிய மீன் இருக்கும். ஆனால் நீரை எதிர்த்து ஏறி வயலில் முட்டையிடப் போகும் சிறு மீன்களெல்லாம் அந்த மூன்றடி அகல ஓட்டத்தில்தான் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலில், மதகுக்குக் கீழே நீர் சுழன்று அடங்கும் இடத்தில், காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து எட்டு மணிக்குள் ஏழு வகை எடுத்த நாள்கள் எனக்கு உண்டு. (பங்காரி, சிங்காரி என்ற இரு சகோதரியர் வெட்டுவித்த வாய்க்கால் என்று எங்கள் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அவர்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் நான் தூண்டிலை நீரில் விடுவேன். நம்பிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

ஊசுட்டேரியில் வகை நிறைய இருக்கும் என்று யாராவது உங்களை அழைத்தால் போகாதீர்கள். அதைப் புதுச்சேரி அரசு 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டது. அங்கே பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுவது சட்டப்படியும் தவறு, நாரைக்கும் நீர்க்காகத்துக்கும் உரிய பங்கில் கை வைப்பதும் ஆகும். பெருமாள் ஏரியிலோ வீராணத்திலோ மீன்பிடி உரிமையைக் குத்தகை எடுத்தவர்கள் இருப்பார்கள். முதலில் கரையில் அவர்களுடைய ஆளைப் பார்த்து, ஒற்றைத் தூண்டில்தான், மீனை விட்டுவிடுவேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலானோர் சிரித்துவிட்டு அனுமதிப்பார்கள். மறுத்தால் வற்புறுத்தாமல் திரும்பிவிடுங்கள். அது அவர்கள் பணம் கட்டி எடுத்த நீர்.

கோடைக்குப் பெருமாள் ஏரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்படும் நீர் வந்து சேர்வதால், மற்ற ஏரிகள் வெடித்துக் கிடக்கும் சித்திரையிலும் அங்கே நீர் இருக்கும்.

பதிவு 3 | செவுள், மீன்வள மாணவி | நவம்பர் 4

ஐயா, உங்கள் படங்களை நேற்றிரவு பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் கெண்டைகள்.

குள்ளக்கெண்டை என்றும் புள்ளிக்கெண்டை என்றும் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டும் ஒரே இனம்தான். புன்டியஸ் சோஃபோர் என்பது அதன் பெயர். இரண்டிலும் மீசை இல்லை, வாலடியில் ஒரு கரும்புள்ளியும் முதுகுத் துடுப்பின் அடியில் மற்றொன்றும் இருக்கின்றன. முதல் படத்தில் விலாவில் ஓடும் செந்நிறப் பட்டை இனப்பெருக்கக் காலத்து ஆணுக்கு உரியது. அதைப் பார்த்துத்தான் வேறு மீன் என்று நினைத்திருப்பீர்கள். பொடிக்கெண்டை அவற்றின் குஞ்சாக இருக்கும் என்று முதலில் நானும் நினைத்தேன். ஆனால் மேலுதட்டின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு இணை மீசை தெரிகிறது, ஆகவே அது புன்டியஸ் சோலா. பஞ்சலை சரியாகவே இருக்கிறது. இரண்டு இணை மீசை, பெரிய செதில், வெள்ளி உடல். சேல்கெண்டை என்று எழுதியிருப்பது சேல் அன்று, சாதா கெண்டையின் இளம் மீன். அதற்கும் இரண்டு இணை மீசை உண்டு, முதுகுத் துடுப்பின் முதல் முள் பஞ்சலையைப் போலவே அரம்பமாக இருக்கும். எனினும் பஞ்சலையின் முதுகுத் துடுப்பு குட்டையானது, கிளைத்த கதிர்கள் எட்டுதான் இருக்கும். சாதா கெண்டையில் அது முதுகின் பாதியை அடைத்துக்கொண்டு நீண்டு கிடக்கும், கதிர்கள் ஏறத்தாழ இருபது. உங்கள் படத்தில் பதினெட்டு வரை எண்ண முடிந்தது.

ஐந்து நான்காகிவிட்டது என்று வருந்த வேண்டாம். கெளுத்தி என்று ஒரே பெயரில் இரண்டு படங்கள் வைத்திருக்கிறீர்கள். உடலில் நீளவாட்டுக் கோடுகள் உள்ளது மிஸ்டஸ் விட்டாட்டஸ். மற்றொன்றில் கதிர்களற்ற கொழுப்புத் துடுப்பு முதுகுத் துடுப்பை ஒட்டியே தொடங்கி வாலருகே வரை நீள்கிறது, அது மிஸ்டஸ் கவாசியஸ். கூட்டிக் கழித்தால் மீண்டும் பதினேழே.

சிறு மீன்களுக்கு உங்களிடம் உள்ள விரால் முள் உதவாது. ஜப்பானில் கட்டைவிரல் அளவுக்கும் குறைந்த தனகோ மீனைப் பிடிப்பதற்கென்றே நுண்ணிய முள்களைச் செய்கிறார்கள். இங்கே கடையில் கிடைக்கும் முள்களில் எண் மிகப் பெரியதைக் கேளுங்கள், எண் கூடக்கூட முள் சிறுக்கும். மெல்லிய தங்கூசி இழையும், மண்புழுவின் ஊசிமுனையளவு துண்டும் போதும்.

நம் பகுதி மீன்களின் பெயர்களுக்குப் பின்னால் நல்ல வரலாறும் இருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்த மதகுரு ஜான், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லினிலிருந்த ப்ளோக் என்ற மருத்துவருக்கு மீன்களை அனுப்பிக்கொண்டிருந்தார். 1816-இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷெனோ பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். பனையேறி பனையில் ஏறும் என்ற செய்தியை மேலைநாட்டு அறிஞருலகுக்குச் சொன்னவரும் தரங்கம்பாடியிலிருந்த டால்டோர்ஃப் என்ற டேனியர்தான். 1791-இல் கண்டதாக அவர் எழுதியது 1797-இல் அச்சானது. செவுள் மூடியின் முட்களை ஊன்றித் தரையில் அது நகரும் என்பது உண்மை. மரமேறுவதைத்தான் பிற்காலத்தவர் ஐயுற்றார்கள். பறவை கொத்திக்கொண்டு போய் மரத்தில் நழுவவிட்டிருக்கலாம் என்றார்கள்.

பதிவு 4 | வடவாறு, லால்பேட்டை | நவம்பர் 5

குறுக்கே பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வீராணத்தின் கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் தூண்டில்காரன் என்றால் ஒரு வாளையை அரைமணி நேரம் விளையாடவிட்டுக் களைக்கவைத்துக் கரை சேர்ப்பவன். கட்டைவிரலளவு மீனைக் கண்ணுக்குத் தெரியாத முள்ளில் மாட்டி, மீசையை எண்ணி, குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்ததைத் தேடுவது எனக்குத் தபால்தலை சேர்ப்பதைப் போலத் தோன்றுகிறது. முப்பது வகையை ஒவ்வொன்றாகப் பிடித்தவருக்கு அவற்றில் ஒன்றின் போக்காவது முழுதாகத் தெரிந்திருக்குமா? விரால் எந்தக் கோரைப் புதரின் எந்தப் பக்கத்தில் மூச்சுவிட மேலே வரும் என்பதை அறிய எனக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

இருந்தாலும் கேட்டதற்குச் சொல்லாமல் போவது முறையன்று. கீழணையிலிருந்து வீராணத்துக்கு நீர் கொண்டுவரும் வடவாறு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளம். ஏரியின் முழுக் கொள்ளளவான 47.5 அடியை எட்டும் வரையில் அந்த ஓட்டம் ஏரிக்குள் கலக்கும் இடத்தில் எல்லா மீனும் தலையை நீருக்கு எதிராக வைத்து நிற்கும். கொக்கு மீன் வேண்டுமென்றால் மேல்மட்டத்தில், ஓட்டமும் தேக்கமும் சேரும் கோட்டில், ஈயம் கட்டாமல் சிறு இரையை மிதக்கவிடுங்கள். அதன் நீண்ட மூக்கு முழுதும் எலும்பு, முள் இறங்காது. கௌவியவுடன் சுண்டாமல் பத்து எண்ணிவிட்டு மெல்ல இழுக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். செம்மஞ்சள் நிறத்தில் பார்ப்பு, அதாவது விரால் குஞ்சுகள், கொத்தாக மேலே வந்து போவதைக் கண்டால் அடியில் தாய் விராலும் தந்தை விராலும் காவல் இருக்கும். அங்கே தவளை இரையை வீசினால் சினத்திலேயே கௌவும். பிடிப்பது எளிது. பிடித்தால் அந்தப் பார்ப்பு முழுவதும் ஒரு மணி நேரத்தில் மற்ற மீனுக்கு இரையாகிவிடும்.

பதிவு 5 | கெடிலக்கரை | நவம்பர் 5

அண்ணன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: முப்பது ஆண்டுகள் விராலை மட்டுமே தேடிய நான், அதே குட்டையில் இரண்டு கெளுத்தி இனங்கள் இருப்பதை நேற்றுத்தான் அறிந்தேன். அவை என் முள்ளில் நூறு முறையாவது மாட்டியிருக்கும், நூறு முறையும் அவற்றைக் கெளுத்தி என்று வைதுகொண்டே கழற்றியிருப்பேன். தபால்தலை சேர்ப்பவர் அந்தத் தலையில் உள்ள படத்தையாவது பார்க்கிறார்.

பார்ப்பு பற்றிச் சொன்னதை என் விதிகளில் சேர்த்துக்கொள்கிறேன்.

பதிவு 6 | ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நெல்லிக்குப்பம் | நவம்பர் 7

எனக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது. பெயர்களுக்காக மட்டும் இங்கே வருகிறேன். கயல், கெண்டை, வாளை, வரால், ஆரல், அயிரை, கெடிறு என்று சங்கப் புலவர்கள் மீன்களைப் பிரித்தே பேசினார்கள். கெடிறு என்பது இன்றைய கெளுத்தி. அவர்களுக்கு வரால், நமக்கு விரால். அவர்களுக்கு ஆரல், நமக்கு ஆரால். கெண்டை என்னும் சொல்லோ இன்று செதிலுள்ள எந்த மீனுக்கும் ஒட்டிக்கொள்கிறது. புதிதாக வந்த சிலேபியைக்கூடச் சிலர் சிலேபிக் கெண்டை என்கிறார்கள். ஒரே மீனுக்குக் கடலூர் அங்காடியில் ஒரு பெயர், விருத்தாசலத்தில் வேறு பெயர், வளர்ந்தால் இன்னொரு பெயர். குறிப்பேட்டில் அறிவியல் பெயரை எழுதுவது நல்லது. எனினும் அந்த மீனைக் கரையில் பார்த்தவர் என்ன பெயர் சொன்னார் என்பதையும், எந்த ஊரில் என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதிவையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெயர்களை இன்று யாரும் தொகுப்பதில்லை.

பதிவு 7 | வெள்ளாற்று முகம், பரங்கிப்பேட்டை | நவம்பர் 9

மூன்றாவது கேள்விக்கு யாரும் வராததால் எழுதுகிறேன். மீனை வைத்து நன்னீர், உவர்நீர் என்று பிரிக்க முயன்றால் முடிவே வராது. விலாங்கு ஆழ்கடலில் பிறந்து, நூலிழை போன்ற குஞ்சாக ஆற்றில் ஏறி, பல ஆண்டுகள் நம் கிணறுகளிலும் குளங்களிலும் வாழ்ந்துவிட்டு, முட்டையிட மீண்டும் கடலுக்கே போகிறது. கொடுவாவும் இளமையில் ஆற்றில் வெகுதொலைவு ஏறும். முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னர் பெண்ணாக மாறி, கழிமுகத்தில் முட்டையிடும். கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடும் மீனுக்கு உப்பும் ஒன்றுதான், நன்னீரும் ஒன்றுதான். சிலேபியும் உப்பைப் பொறுக்கும். இவற்றில் எதை உள்ளே விடுவீர்கள், எதை வெளியே நிறுத்துவீர்கள்?

இடத்தை வைத்துப் பிரிப்பதும் எங்கள் ஆற்றில் செல்லாது. கார்த்திகை வெள்ளத்தில் வெள்ளாற்றின் முகத்துவாரம் வரைக்கும் குடிக்கத்தக்க நீர் ஓடும். சித்திரையில் கடல்நீர் ஓதத்துடன் உள்நாட்டுக்குள் பல கல் தொலைவு ஏறி நிற்கும். அதே படித்துறை, அதே மனிதன், அதே தூண்டில். ஆறு மாத இடைவெளியில் ஒன்று நன்னீர், மற்றொன்று கடல்.

ஆகவே பிடித்த அன்று அந்த இடத்தில் இருந்த நீரையே அளவாகக் கொள்ளுங்கள் என்பது என் கருத்து. இங்கே இறால் பண்ணைக்காரர்கள் ஒரு சொட்டு நீரை வைத்து உப்பளவு பார்க்கும் சிறு கருவி வைத்திருக்கிறார்கள். கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு இருக்கும்; அரைப் பங்குக்குக் கீழே இருந்தால் அது நன்னீர். அப்படிப்பட்ட நீரில் கொடுவா மாட்டினால் தயங்காமல் எழுதிக்கொள்ளுங்கள், அது வழிதவறி வந்த மீன் அன்று. கருவி இல்லாதவர் நாவில் வைத்துப் பார்க்கலாம் என்று முன்பெல்லாம் சொல்வேன். இப்போது நகரங்களைத் தாண்டி வரும் ஆறுகளில் அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பதிவு 8 | கீழச்செருவாய், திட்டக்குடி வட்டம் | நவம்பர் 16

வெலிங்டன் ஏரியை அனைவரும் மறந்துவிட்டீர்கள். 1913-இல் தொடங்கி 1923-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த ஏரிக்குத் தொழுதூர் அணைக்கட்டிலிருந்து வெள்ளாற்று நீர் வருகிறது. கரையின் கற்சரிவில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே புழுவை இறக்கினால் ஆராலும் உளுவையும் தவறாது.

நான் எழுத வந்தது வேறு. பட்டியலில் வந்தேறி மீன்களுக்கு என்ன இடம்? கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளி மீன்கள், இங்கே இருப்பு விடப்பட்டவை. சிலேபி 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. அவற்றைக்கூடப் பழகிவிட்டோம். ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, தென்பெண்ணையில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த வெள்ளம் வடிந்த குட்டைகளில் என் மைத்துனர் பிடித்தவற்றில் பாதி பண்ணை மீன்கள். ஆட்டுப் பல் போன்ற பற்களுடன் ஒரு ரூப்சந்த். கண்ணாடித் தொட்டியைத் துப்புரவு செய்ய விற்கிறார்களே, அந்தக் கவச உடல் உறிஞ்சி மீன். இரண்டு ஆப்பிரிக்கக் கெளுத்தி. கடைசியாகச் சொன்னதை வளர்ப்பதற்கே நம் நாட்டில் தடை இருக்கிறது.

பிடித்ததைத் திரும்ப விடுவேன் என்ற விதி இவற்றுக்குப் பொருந்தக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எண்ணிக்கையில் சேர்ப்பீர்களோ மாட்டீர்களோ, நீரில் மட்டும் விடாதீர்கள்.

பதிவு 9 | செவுள் | நவம்பர் 16

உடன்படுகிறேன். கொல்வதற்கு முன்னர் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்: ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று நினைத்து நம் தேளியைக் கொன்றுவிடக்கூடாது. இரண்டுக்கும் நான்கு இணை மீசை. தேளியின் முதுகுத் துடுப்பு விரல்நுனி அளவே இருக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தியின் முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னிருந்து வாலருகே வரை ஓடும்.

பதிவு 10 | கெடிலக்கரை | ஜனவரி 19

பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் சுற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். தாமதத்துக்குக் காரணம் என் வலக்கை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் பங்காரு வாய்க்கால். பாகூர் ஐயா குறிப்பிட்ட மதகுக்குக் கீழே கடுகளவு இரையும் மிகச் சிறிய முள்ளுமாக அமர்ந்தேன். மிதவை அசைந்ததைவிட என் கை நடுங்கியதே அதிகம். நாற்பது நிமிடம் இரை மட்டும் போய்க்கொண்டிருந்தது. பின்னர் மேலே வந்த மீன் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மகள் வாங்கித் தந்த ஒளிபுகும் சிறு பெட்டியில் வாய்க்கால் நீரை ஊற்றி அதை உள்ளே விட்டேன். அது நிலைகொண்டதும் வாயோரத்திலிருந்து இரண்டு இழைகள் விரிந்தன. நூல் பிரிந்து தொங்குவது போல மார்புத் துடுப்பையும் தாண்டிப் பின்னால் கிடந்தன. அத்தனை சிறிய முகத்துக்கு அத்தனை நீள மீசை. கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்துப் பறவைக்கெண்டை என்றார். தமிழாசிரியர் ஐயா கேட்டுக்கொண்டபடி அந்தப் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டேன். அதே இடத்தில், முதுகெலும்பு வெளியே தெரியும் கண்ணாடி மீன் ஒன்றும், தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன மேல்மட்டத்திலேயே நீந்தும் சிறு மீன் ஒன்றும் கிடைத்தன. ஆக இருபது.

இரண்டாம் நாள் வடவாறு. லால்பேட்டை அண்ணன் தாமே வந்து இடம் காட்டினார். கொக்கு மீன் நான்கு முறை கௌவியது. மூன்று முறை நான் ஏழு எண்ணுவதற்குள் சுண்டிவிட்டேன். நான்காவது முறை அவர் என் தோளில் கை வைத்து அழுத்திக்கொண்டு பத்து வரை எண்ணினார். இருபத்தொன்று. அன்று மாலை அவர் ஒரு நல்ல வாளையையும் பிடித்தார்; வாளை உலகளவில் அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருப்பதை நான் சொன்னதும், சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நீரில் இறக்கிவிட்டார்.

மூன்றாம் நாள் பெருமாள் ஏரியின் வடிகால். பொழுது இறங்கும் நேரத்தில் தேளி மாட்டியது. இருபத்திரண்டு என்ற மகிழ்ச்சியில், ஈரத்துணியால் பிடிக்க வேண்டும் என்பதை மறந்து வெறுங்கையால் தலையைப் பற்றினேன். மார்புத் துடுப்பின் முள் கட்டைவிரலின் அடிச்சதையில் ஏறியது. கெளுத்தி முள் குத்தி எனக்குப் பழக்கம் உண்டு. இது அந்த இனமே அன்று. நெருப்பில் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டுத் திருகுவது போல வலி மணிக்கட்டுக்கும், அங்கிருந்து முழங்கைக்கும் ஏறியது. வண்டி ஓட்ட முடியவில்லை. பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர்தான் சட்டியில் வெந்நீர் வைத்து, பொறுக்கும் சூட்டில் கையை அமிழ்த்தி வைக்கச் சொன்னார். நீர் ஆற ஆற வலி திரும்பியது. அவர் முகம் சுளிக்காமல் ஏழெட்டு முறை சூடான நீரை மாற்றினார். மறுநாள் மருத்துவர் விரலைப் பார்த்துவிட்டு, முள் முறிந்து உள்ளே தங்கவில்லை என்பதை உறுதிசெய்து தடுப்பூசி போட்டார். வீக்கம் வடிய ஐந்து நாள் ஆயிற்று.

வலியில் துடித்துக்கொண்டிருந்தபோது படம் எடுக்க மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். எடுத்தேன். அளவுகோல் மட்டும் கோணலாக இருக்கிறது.

பதிவு 11 | பழைய பங்காரு | ஜனவரி 19

தேளி என்று பெயர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை, தம்பி. அந்த நஞ்சு சூட்டில் கெடும். தேநீர்க் கடைக்காரர் சரியானதைத்தான் செய்தார். இனிமேல் கழற்றும் குறடு இல்லாமல் கரைக்குப் போகாதீர்கள்.

பதிவு 12 | கெடிலக்கரை | ஜனவரி 20

ஐயா, குறடு வாங்கிவிட்டேன். இன்னும் ஒரே ஒரு படம் பாக்கி. வடிகாலில் தேளிக்கு முன்னதாக ஓர் ஆராலும் கிடைத்தது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பதால் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. ஆனால் முதுகுத் துடுப்பின் அடியில் கண் வரைந்தது போல வட்டப் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன; வெலிங்டன் ஏரியின் கற்சரிவில் முன்பு பிடித்ததில் அவை இல்லை. இதுவும் ஆண், பெண் வேறுபாடுதானா?

பதிவு 13 | செவுள் | ஜனவரி 20

வாலை மட்டும் பெரிதாக்கி, துடுப்பு விரிந்த நிலையில் இரண்டு மீன்களின் படங்களையும் இணையுங்கள் ஐயா. முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் வால் துடுப்போடு ஒட்டி ஒன்றாக ஓடுகின்றனவா, இடைவெளி விட்டு வால் தனியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பதிவு 14 | கெடிலக்கரை | ஜனவரி 21

இணைத்திருக்கிறேன். பழையதில் மூன்றும் ஒட்டியிருக்கின்றன. புதியதில் வால் சிறு விசிறி போலத் தனியாக நிற்கிறது.

பதிவு 15 | செவுள் | ஜனவரி 21

அப்படியானால் இரண்டு இனங்கள். பழையது மாஸ்டசெம்பெலஸ் ஆர்மாட்டஸ். வாலும் கண்புள்ளிகளும் சேர்ந்து புதியதை மேக்ரோக்னேதஸ் ஆரல் என்று காட்டுகின்றன. ப்ளோக் எழுதி வைத்துவிட்டுப் போனதை ஷ்னைடர் முடித்து 1801-இல் வெளியிட்டபோது இட்ட பெயர் அது. தமிழாசிரியர் ஐயா கவனிக்க: ஆரால் அன்று, ஆரல்.

பதிவு 16 | கெடிலக்கரை | ஜனவரி 21

இருபத்துமூன்று. குறிப்பேட்டில் இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதிவிட்டேன். வரும் ஞாயிறு அயிரைக்காகத் தென்பெண்ணை மணலுக்குப் போகிறேன். லால்பேட்டை அண்ணனும் வருகிறார், சிறிய முள் இரண்டு கூடுதலாக எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.